செப்டிக் டேங்க்: தொட்டிக்கும் உள்ளே இருப்பவற்றுக்கும் சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

செப்டிக் டேங்குக்குத் தமிழ்ச்சொல்லாக இதுவரை வந்த பரிந்துரைகளை மறுபடி படித்தேன்: கழிவுநீர்த் தொட்டி, மலக்குழி, நச்சுத்தொட்டி, மட்குதொட்டி, அழுகுதொட்டி. என் ஓட்டு அழுகுதொட்டிக்கு. ஆனால் தொட்டிக்குப் பெயர் வைப்பதோடு நிறுத்திக்கொண்டால் பாதி வேலைதான் முடியும். பராமரிப்புக் குறிப்பு எழுத உட்காருகிறவருக்கு உள்ளே இருப்பவற்றைச் சொல்லத்தான் சொல் கிடைப்பதில்லை.

முதலில் தொட்டி. கழிவுநீரைத் தேக்கும் எந்தத் தொட்டியும் கழிவுநீர்த் தொட்டிதான், அதனால் அது ரொம்பப் பொது. மலக்குழி என்றால் அடியில் தளம் போடாமல் நீர் நேராக மண்ணில் இறங்கும் குழியும் அதில் வந்துவிடும். இதுவோ நீர் கசியாதபடி கட்டப்படுவது. மட்குதொட்டி காதுக்கு இதமாக இருக்கிறது, மக்கும் குப்பை மக்காத குப்பை என்று எல்லோருக்கும் பழகிய சொல், ஆனால் எரு மட்குவதற்குக் காற்று வேண்டும், கிளறிவிட வேண்டும். இங்கே நடப்பது காற்றுப் படாத இடத்தில் நுண்ணுயிர்கள் செய்யும் வேலை. அழுகுதல் என்பதே அதற்குப் பொருத்தம். இங்கிலாந்தின் எக்செட்டர் நகரில் டொனால்ட் கேமரன் என்ற பொறியாளர் 1895-இல் தன் தொட்டிக்கு வைத்த செப்டிக் என்ற ஆங்கிலப் பெயரின் வேரும் அழுகச் செய்வது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்தான். தொட்டியே அழுகுவதுபோல் ஒலிக்கிறது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். உண்கலம் என்கிறோம், கலமா உண்கிறது? அப்படியே இதையும் எடுத்துக்கொள்ளலாம்.

நச்சு என்ற சொல்லை மட்டும் தொட்டிக்குக் கொடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அது உள்ளே இருக்கும் காற்றுக்கு வேண்டும். அங்கே உண்டாகும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெளிக்காற்றைவிடக் கனமானது, மூடிக்குக் கீழே தேங்கி நிற்கும், கசடைக் கலக்கினால் குபுக்கென்று கிளம்பும்; அளவு கூடினால் மூக்கின் மோப்பத்தையே அணைத்துவிடும். நாற்றம் போய்விட்டது, ஆபத்து இல்லை என்று நினைக்கிற நேரம்தான் உயிர் போகிற நேரம். நச்சுவாயு என்ற சொல் அதற்குரிய அச்சத்தோடு அப்படியே இருக்கட்டும்.

சரி, உள்ளே வருவோம். எண்ணெய்ப்பசையும் இலேசானவையும் மேலே மிதந்து ஒரு படலமாகக் கட்டிக்கொள்ளும், கனமானவை அடியில் படியும், நடுவில் கலங்கிய நீர் நிற்கும். மேலே இருப்பதற்கு நுரை என்று எழுதுகிறார்கள், அது நுரை இல்லை, நாளானால் தடித்து இறுகிப்போகும். ஏடு என்றால் பாலில் படிவது நினைவுக்கு வருகிறது, வேண்டாம். மேற்கசடு, அடிக்கசடு என்று ஜோடியாக வைத்தால் என்ன? கசடு ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது, யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நடுவில் நின்று வெளியேறும் நீருக்குத் தெளிநீர் என்ற பரிந்துரையை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அதில் நோய்க்கிருமிகள் அப்படியே இருக்கும், தெளிநீர் என்று படித்துவிட்டு யாராவது செடிக்கு ஊற்றினால் பொறுப்பு நம்முடையது. வடிநீர் போதும்.

இந்த மூன்று சொல்லும் ஏன் அவசரம் என்றால், இவை இல்லாததால்தான் எல்லோரும் ‘டேங்க் நிறைந்துவிட்டது’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். அழுகுதொட்டி எப்போதும் நிறைந்துதான் இருக்கும். வெளிக்குழாயின் மட்டம்வரை நீர் நிற்பதுதான் அது ஒழுங்காக வேலை செய்வதன் அடையாளம். கூடிக்கொண்டே போவது கசடு. கசடு ஏற ஏற நீர் நிற்க இடம் குறையும், ஒரு நாளாவது தங்கிப் படிய வேண்டிய நீர் சில மணி நேரத்தில் ஓடிவிடும், படியாத கசடும் கூடவே போய், வடிநீர் மண்ணில் இறங்கும் உறிஞ்சுகுழியின் மண் துளைகளை அடைக்கும். கழிப்பறையில் தண்ணீர் எதிர்த்து வரும்போதுதான் நிறைந்தது என்கிறோம். அதற்குள் உறிஞ்சுகுழி கெட்டுப்போயிருக்கலாம், தொட்டியைக் காலி செய்தாலும் அது பழைய நிலைக்குத் திரும்புவது கடினம்.

ஆகவே நான் முன்வைக்கும் அடுத்த சொல் கசடுகோல். நீளமான ஒரு கழியின் கீழ்ப்பாதியில் சொரசொரப்பான வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டி, வெளிக்குழாய்ப் பக்கத்து மூடி வழியே அடி தொடும்வரை இறக்கி, சில நிமிடம் வைத்திருந்து மெதுவாக உருவினால் துணியில் கறுப்பு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறதோ அதுதான் அடிக்கசட்டின் அளவு. மேற்கசடும் அடிக்கசடும் சேர்ந்து நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் எடுத்துவிட வேண்டும். ஒன்றரை மீட்டர் ஆழம் என்றால் அரை மீட்டர். பெரும்பாலும் 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை வரும், ஆள் கூடிய வீட்டில் முன்னதாகவே. மூடியைத் திறந்து சற்று நேரம் விட்டு, தள்ளி நின்று அளக்க வேண்டும். குனிந்து எட்டிப்பார்ப்பதோ பக்கத்தில் தீ பற்றவைப்பதோ கூடாது, மீத்தேன் இருக்கும். எக்காரணம் கொண்டும் யாரும் இறங்கக் கூடாது.

அதேபோல் ‘டேங்க் சுத்தம் செய்தல்’ என்பதையும் கைவிட்டு, கசடெடுப்பு என்று எழுதலாம். சுத்தம் என்றதும் தேய்த்துக் கழுவ வேண்டும், பினாயில் ஊற்ற வேண்டும் என்று தோன்றிவிடுகிறது. கழுவவே தேவையில்லை, கிருமிநாசினியை அளவுக்கு மீறி ஊற்றினால் வேலை செய்கிற நுண்ணுயிர்கள்தான் சாகும். குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தால் போதும். தனியாக நுண்ணுயிர்ப் பொடி வாங்கிப் போடவும் தேவையில்லை, நாள்தோறும் உள்ளே போவதிலேயே வேண்டிய அளவு இருக்கிறது. எண்ணெய், நாப்கின், ஈரத்துடைப்பான் இவை போகாமல் பார்த்துக்கொண்டாலே பெரிய உதவி.

உறிஞ்சுகுழியை மாற்ற வேண்டாம், அருமையான சொல், கொத்தனார் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. T வடிவ டீ குழாயும் அப்படியே இருக்கட்டும், கடையில் கேட்டால் அதைத்தான் தருவார்கள்.

எனக்குப் பிடிபடாதது ஒன்று. வெளிக்குழாயின் வாயில் மாட்டி, கசடு வடிநீரோடு போகாமல் தடுக்கும் கழற்றிக் கழுவக்கூடிய அமைப்பு இருக்கிறதே, அதற்கு வடிநீர் வடிகட்டி என்றால் வடி இரண்டுமுறை வந்து இடிக்கிறது. கசடுமறிப்பான் என்று யோசித்தேன், ஆனால் தொட்டியின் குறுக்குச் சுவருக்கும் மறிப்பு என்றே ஒருவர் பரிந்துரைத்திருக்கிறார், இரண்டும் குழம்பும். வேறு யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.