தேரிக்காட்டு படத்துக்கு மேப் பின் போடணுமா வேண்டாமா?

பாலைநடை:
போன வாரம் தூத்துக்குடி பக்கம் குதிரைமொழி தேரில, அதான் அந்தச் செம்மணல் மேட்டுக்காட்டுல, எடுத்த மூணு படம் போட்டிருந்தேன். எந்தப் பக்கமா உள்ள போனேன்னு மட்டும் சொல்லல, அதுக்கு இன்பாக்ஸ்ல ஏகப்பட்ட பேர் கேட்டாச்சு, ரெண்டு பேர் சுயநலக்காரன்னு திட்டியும் விட்டாங்க. இடத்தைக் காட்டற மேப் பின் தர மாட்டேன். விடிஞ்சதும் வெயில் தரையோட சாஞ்சு வர்ற அந்த அரை மணி நேரம்தான் செம்மணல்ல காத்து போட்ட வரி தெளிவா விழும், அதுல ஒருத்தர் குறுக்க நடந்தாலே போச்சு, இதுல முப்பது பேர் வந்து நின்னா என்ன மிஞ்சும் சொல்லுங்க.

ஷட்டர் செல்வம்:
ப்ரோ இதை ஒத்துக்கவே முடியாது. காலடித் தடமெல்லாம் ஒரு ஆடிக்காத்துல மூடிரும், அந்தக் காத்து சேத்து வச்ச மேடுதானே தேரியே. கார்த்திகைல கற்குவேல் அய்யனார் கோயில் கள்ளர் வெட்டுத் திருவிழாவுக்கு எவ்வளவு கூட்டம் வருது, வர்றவங்க மண்ணையே அள்ளி வீட்டுக்குக் கொண்டு போறாங்க, தேரி என்ன கரைஞ்சா போச்சு? கேமராவே நிறத்தைச் சரிபண்ற ஆட்டோ வொயிட் பேலன்ஸ்ல விட்டா அந்தச் சிவப்பு செத்துரும்னு எனக்கு சொல்லிக் குடுத்ததே இப்படி ஒரு குரூப்ல முகம் தெரியாத ஒரு அண்ணன்தான், அவர் மறைச்சிருந்தா நான் இன்னைக்கும் மங்கல் படம்தான் எடுத்திட்டிருப்பேன்.

பாலைநடை:
செட்டிங்ஸ் என்ன வேணா கேளுங்க, முழுசா சொல்றேன், அதை எப்ப மறைச்சேன்? கோயிலுக்கு வர்றவங்க சாமி கும்பிட்டுட்டு கிளம்பிடுவாங்க. ரீல்ஸ் எடுக்க வர்றவங்க பைக்கை மேட்டு மேலயே ஏத்துறாங்க. 2016ல இந்தத் தேரில இருந்துதான் ஒரு விசிறித்தொண்டை ஓணானைப் புது இனம்னு அறிவிச்சாங்க, சிட்டானா மருதம்நெய்தல்னு நம்ம திணைப் பேரையே அதுக்கு வச்சிருக்காங்க. தரையிலயே ஓடித் திரியற சின்ன உயிர், முட்டையை மண்ணுக்குள்ள புதைச்சு வைக்கும், டயர் ஏறுனா அவ்வளவுதான். தனுஷ்கோடியையும் பாருங்க, 2017ல அரிச்சல்முனை வரை ரோடு போடறதுக்கு முன்னாடி மணல்ல வேன் புடிச்சுப் போகணும், இப்ப கார் நிறுத்த இடம் தேடணும்.

உடன்குடிக்காரன்:
நான் கேமரா புடிக்கிறவன் இல்ல, ஆனா சொல்லணும். ஆளே இல்லாத இடம்னு உங்க படத்துக்குக் கீழ எழுதியிருக்கிய தம்பி. ரெண்டாவது படத்துல இடது ஓரத்துப் பனையில, மரம் ஏற வைக்கிற முருக்குத்தடி சாஞ்சு நிக்குதே பாத்தியளா, ஆள் வச்சாதானே அங்க நிக்கும்? எங்க குடும்பமே பனையேறிக் குடும்பம். ஓணானைப் பத்தி எழுதுதிய, வெறுங்காலோட பனைக்குப் போற மனுசனைப் பத்தி ஒருத்தரும் எழுதல. போன வருசம் எவனோ உடைச்சுப் போட்ட பாட்டில் மணலுக்குள்ள கெடந்து எங்க சித்தப்பா கால் கிழிஞ்சு அந்த சீசன்ல பாதி நாள் வீட்டுல கெடந்தாரு. நீங்க பின் போட்டாலும் போடாட்டாலும் வாரவன் வருவான், வந்தா எப்படி இருக்கணும்னு சொல்லி விடுங்க.

ஷட்டர் செல்வம்:
அண்ணாச்சி சொல்றதைத்தான் நானும் கேக்கறேன். வழி சொல்லாம விட்டா ஆளாளுக்கு ஒரு பக்கம் புகுந்து தேடுவாங்க, அது காப்புக்காடு வேற, வனத்துறைகிட்ட கேட்டுட்டுதான் போகணும்னே பாதி பேருக்குத் தெரியாது. வண்டியை எங்க நிறுத்தணும், எங்க இருந்து நடக்கணும்னு தெளிவா எழுதினா சேதம் குறையும்.

பாலைநடை:
அந்தத் தடியை நான் கவனிக்கவே இல்ல அண்ணாச்சி, கேப்ஷனை இப்பவே மாத்திட்டேன், மன்னிச்சிருங்க. பனங்காட்டோட பேரும், வண்டி உள்ள ஏத்தக்கூடாது, பர்மிஷன் வாங்கணும்ங்கிறதும் சேத்துட்டேன். செல்வம், அந்த மேட்டுக்கு மேப் பின் மட்டும் தர மாட்டேன், அதுல மாத்தமில்ல. அண்ணாச்சி, பதநீர் எப்ப கிடைக்கும்?

உடன்குடிக்காரன்:
பங்குனி, சித்திரையில வாங்க. வெயில் ஏறுறதுக்கு முன்ன வரணும், கேமராவைப் பொறவு எடுத்துக்கலாம்.