புதுப்பிப்பு: டிராகன் மினியேச்சரில் படிந்த வெண்படலம் நீங்கியது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: வண்ணம் தீட்டிய ரெசின் (பிசின் வார்ப்பு) டிராகன் பொம்மைக்கு மழைநாளில் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடித்ததும், கருஞ்சிவப்பு இறக்கைகளில் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிட்டது; எப்படிச் சரிசெய்வது என்று கேட்டிருந்தேன்.

மேலே இன்னொரு கோட் மேட் அடித்தது வேலைக்காகவில்லை, வெளுப்பு கூடியது. ஆலிவ் எண்ணெய் தடவிப் பார்க்கச் சொன்ன யோசனையைத் தொடவில்லை; பிசுக்கின்மேல் அடுத்த பூச்சு ஒட்டாது. பலித்தது கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ்தான். அக்ரிலிக் கிளாஸ் 3 பங்கு, தண்ணீர் 1 பங்கு, மென்மையான பிரஷ்ஷில் மெல்லிசாக 2 கோட், இடையே ஒரு மணி நேரம். சொரசொரப்பில் ஒளி சிதறுவதால்தான் வெள்ளையாகத் தெரிகிறது. கிளாஸ் அந்த நுண்குழிகளை நிரப்பிவிடுகிறது. முதல் கோட்டிலேயே நிறம் திரும்பியது. 24 மணி நேரம் கழித்து மேட், இம்முறை பிரஷ்ஷால். கண்களையும் நகங்களையும் பளபளப்பாகவே விட்டுவிட்டேன், ஈரம்போல் தெரிவது பொருத்தமாக இருக்கிறது.

எதிர்பாராதது பேஸில் (டிராகன் நிற்கும் அடித்தட்டில்) நடந்தது. கால்விரல் இடுக்கில் வார்னிஷ் வழிந்து, அங்கே மணலை ஒட்டியிருந்த வெள்ளைப் பசை ஊறி, மணல் பெயர்ந்தது. பசை 1 பங்கு, தண்ணீர் 3 பங்கு, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து மணல்மேல் சொட்டுவிட்டு, இரவு முழுக்கக் காயவிட்டதும் இறுகியது. சோப்பு இல்லாவிட்டால் துளி மணலுக்குள் இறங்காமல் முத்தாக நிற்கும். செயற்கைப் புல்லை இதெல்லாம் முடிந்த பிறகே ஒட்டினேன்.