புதுக் காரில் பிரேக் பெடல் இறங்குகிறது, ‘நோர்மல்’ என்கிறார்கள்

மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறேன். 2025இல் வாகன இறக்குமதி மீண்டும் திறந்த பிறகு ஏஜென்ட்டிடமே எடுத்த புத்தம் புதிய 1000 சிசி ஓட்டோ கியர் கார், இன்னும் 4,000 கிலோமீற்றர் கூட ஓடவில்லை, வொரன்டி 3 வருடம். ரயில்வே கேட்டில் பிரேக்கை மிதித்தபடி நின்றால் பெடல் மெல்ல மெல்லக் கீழே போகிறது, கார் முன்னால் நகர்கிறது. விட்டு மறுபடி இரண்டு தரம் மிதித்தால் கல் மாதிரி இறுகிவிடும். பிரேக் ஒயில் குறையவில்லை, சக்கரப் பக்கம் கசிவும் இல்லை.

தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவர் மாஸ்டர் சிலிண்டருக்குள் (பெடலை மிதிக்கும்போது பிரேக் ஒயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம்) சீல் விடுகிறது போல என்றார், ஆனால் கை வைத்தால் வொரன்டி போய்விடும் என்று கழற்ற மறுத்துவிட்டார். அதுவும் சரிதான். சேர்விஸ் சென்டரில் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்து எரர் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள் (தேய்ந்த சீலை ஸ்கேனர் எப்படிக் காட்டும்?). ஜொப் கார்ட்டில் முறைப்பாட்டை எழுதவைத்துப் பிரதி வாங்கினேன், பெடல் இறங்குவதை வீடியோ எடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சலும் போட்டாயிற்று, பதில் இல்லை. பிள்ளைகளை ஏற்றப் பயம். வண்டி வீட்டில் நிற்கிறது, லீசிங் மட்டும் ஓடுகிறது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் முறையிட்டு, புது வாகனத்தின் பாகத்தை வொரன்டியிலேயே மாற்றுவித்தவர்கள் யாராவது இருந்தால், என்னென்ன ஆவணம் கொடுத்தீர்கள்?