தோப்பு வீடு 🥭 காதுகுத்து ஞாயித்துக்கிழமை

வெள்ளி, மாலை 5:52

குமரேசன்: தொட்டி காலி. மோட்டார் காலையிலிருந்து ஓடல. பெட்டியைத் திறந்து பாத்தேன், அந்த சின்ன போர்டுல சிவப்பு லைட்டு எரியுது, பச்சை எரியல. கார்த்தி பாரு

சாந்தி: ஐயோ. இருநூறு பேருக்கு சமையல். தண்ணி லாரிக்கு சொல்லிடவா

ரங்கநாதன்: ஆட்டோ ஸ்டார்ட்டர் போதும்னு அன்னைக்கே சொன்னேன்.

கார்த்தி: லாரி வேணாம் அத்தை. சித்தப்பா, பேனல்ல ஆட்டோ/மேனுவல் சுவிட்ச மேனுவலுக்குத் திருப்புங்க. த்ரீ ஃபேஸ் வந்ததும் ஸ்டார்ட்டர்ல பச்சை பட்டன். போர்டு ரிலேவைத்தான் தட்டும், ரிலே மோட்டாருக்குக் கரன்ட் விடற கான்டாக்டரைத் தட்டும். போர்டு படுத்தாலும் கையில ஓட்டலாம்.

குமரேசன்: சரி. த்ரீ ஃபேஸ் ராத்திரிதான்

வசந்தி: கார்த்தி தோடு வாங்கிட்டியா

கார்த்தி: இப்ப போர்டு. அது ராஸ்பெர்ரி பை 3, மோட்டாரை ஓட்டற குட்டி கம்ப்யூட்டர். சிவப்பு எரிஞ்சா கரன்ட் வருதுன்னு மட்டும்தான் அர்த்தம், வேற ஒண்ணும் இல்ல. 4.63 வோல்ட்டுக்குக் கீழ போனா அந்த சிவப்பே அணையும். பச்சைதான் மெமரி கார்டு லைட்டு. கார்டைப் படிக்கறப்போ கண்டபடி மினுக்கும். எண்ணி எண்ணி மினுக்கினா அதுக்குக் கணக்கு இருக்கு: 4 தடவைன்னா கார்டு தெரியுது, ஆனா ஸ்டார்ட் ஃபைல் இல்ல. 7ன்னா கெர்னல், அதாவது சிஸ்டத்தோட மூல ஃபைல் இல்ல. ஒரு தடவைகூட மினுக்கலைன்னா போர்டு கார்டையே படிக்கல. பை 3ல போர்டுக்குள்ள தனியா பூட் மெமரி கிடையாது, முதல் ஃபைலே கார்டுலதான் இருக்கணும். அதனால கார்டு போச்சுன்னா டிவில இணைச்சாலும் ஒண்ணும் வராது, கறுப்புதான்.

குமரேசன்: மினுக்கவே இல்ல

தமிழ்: மல்டிமீட்டர்ல வோல்டேஜ் பாருங்க சின்ன மாமா. 2ம் பின், 6ம் பின்

குமரேசன்: எது 2

தமிழ்: ரெண்டு வரிசையா 40 பின் இருக்குல்ல. போர்டு ஓரத்தை ஒட்டின வரிசையில, கார்டு இருக்கற பக்கமிருந்து முதல் பின் 2. அதே வரிசையில மூணாவது 6. டிசி 20 வோல்ட்ல வெச்சு தொடுங்க. பக்கத்து பின்னோட முள்ளு பட்டுடக் கூடாது. 2க்குப் பக்கத்துல இருக்கறது 3.3 வோல்ட்

சாந்தி: காவேரிப்பட்டணத்துல நிப்பட்டு சொல்லியாச்சு. கெடா ஒண்ணு போதுமா ரெண்டா

ரங்கநாதன்: ரெண்டு. முனியப்பனுக்கு ஒண்ணு தனியா.

சாந்தி: அப்ப மூணா

குமரேசன்: 5.02

தமிழ்: நல்லா இருக்கு. 4.75க்குக் கீழ இருந்திருந்தா கேபிளை மாத்தச் சொல்லியிருப்பேன். செல்போன் கேபிள் மெல்லிசு, சார்ஜர்ல 5 காட்டும், போர்டுக்கு வர்றதுக்குள்ள குறைஞ்சிடும்

கார்த்தி: கரன்ட் ஓகேன்னா கோளாறு கார்டு, இல்லன்னா கார்டு சொருகற சிலாட். கரன்ட்டை நிறுத்திட்டுதான் கார்டை எடுக்கணும். போர்டைத் திருப்பினா அடியில இருக்கும். பை 2ல அமுக்கினா டிக்குனு வெளிய வரும். இதுல ஸ்பிரிங் கிடையாது, நகத்தால நேரா இழுங்க. அமுக்காதீங்க, சிலாட்டோட தகரம் தூக்கிக்கும். எடுத்ததும் சிலாட்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. 8 முள்ளு ஒரே உயரத்துல இருக்கணும். ஒண்ணு மட்டும் படுத்திருந்தா அதுதான் கோளாறு.

குமரேசன்: 📷 புகைப்படம்

குமரேசன்: எட்டும் சரியா இருக்கு. உள்ள எறும்பு. பெட்டி மூலையில பல்லி முட்டை ரெண்டு

சாந்தி: முட்டையை உடைக்காத

ரங்கநாதன்: 😄 வாடகை வாங்குடா.

தமிழ்: கேபிள் நுழையற ஓட்டைக்கு கிளாண்ட் போடலையா? வெறும் ஓட்டைன்னா எறும்பு வரத்தான் செய்யும்

கார்த்தி: கார்டோட தங்கக் கலர் பட்டையை ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல பஞ்சைத் தொட்டுத் துடைங்க. எச்சில், மண்ணெண்ணெய் வேணாம். கறுத்திருந்தா வெள்ளை ரப்பரால லேசா, பட்டை போற திசையிலயே. துகளை ஊதித் தள்ளிட்டு நல்லா காஞ்சதும் போடுங்க.

வசந்தி: தோடு கேட்டேன்

கார்த்தி: நாளைக்கு ரவுண்டானா கிட்ட பாக்கறேன்க்கா

வசந்தி: தாய்மாமன் பாக்கற லட்சணம். பாப்பாக்கு உன் மடியிலதான் குத்தணும், கார்டு மடியில இல்ல

மாலை 7:20

குமரேசன்: துடைச்சுப் போட்டேன். பச்சை இல்ல

கார்த்தி: அப்ப மணி கடைக்குக் கொண்டு போங்க. மணி, ரெண்டு விஷயம். கார்டைப் போட்டதும் ரெண்டு டிரைவ் காட்டும். ஒண்ணு பூட்னு சின்னது, அது திறக்கும். இன்னொண்ணுக்கு ஃபார்மட் பண்ணணுமான்னு விண்டோஸ் கேக்கும். கேன்சல் குடு. அது லினக்ஸ் பார்ட்டிஷன், விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது, அதனால காலின்னு நினைச்சுக்கும். அங்க ஓகே குடுத்துட்டுத்தான் பாதிப் பேரு நல்ல கார்டைக் கெடுக்கறாங்க. ரெண்டாவது, பெரிய அடாப்டர்ல போட்டா பக்கத்துல லாக் நகர்த்தியிருக்கான்னு பாத்துக்க.

மணி: சரிண்ணா

மணி: ஒண்ணுமே காட்டலண்ணா

தமிழ்: அடாப்டரை நம்பாத. யுஎஸ்பி ரீடர் இருக்கா

மணி: இருக்கு

மணி: பூட் வந்துச்சு. கான்ஃபிக் ஃபைல் எல்லாம் தெரிஞ்சுது. திறக்கறதுக்குள்ள போயிடுச்சு. மறுபடி சொருகினா 0 பைட்டுனு காட்டுது

கார்த்தி: சிலாட் இல்ல, கார்டுதான். வந்து வந்து போகுதுன்னா சாவற நிலைமை. அதுல மோட்டார் ப்ரோகிராம் நிமிஷத்துக்கு நிமிஷம் லாக் எழுதுது. எழுதிட்டிருக்கறப்போ கரன்ட் போனா சாதாரணமா ஃபைல் கெடும், ஃபார்மட் பண்ணா சரியாயிடும். ஆனா தொடர்ந்து இப்படி அடி வாங்கினா உள்ள இருக்கற கன்ட்ரோலரே குழம்பிடும், அப்புறம் அளவுகூட சரியா சொல்லாது. தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கலாம்.

ரங்கநாதன்: தூக்கிப் போடாதீங்க.

ரங்கநாதன்: யார் முறையில எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு கணக்கு அதுலதானே இருக்கு? என் முறை நாள்ல மட்டும் அது எப்படிப் படுத்துக்குது?

குமரேசன்: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சாந்தி: ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை வரைக்கும் கிணத்துப் பேச்சை விடுங்க

குமரேசன்: நான் ஒண்ணும் சொல்லலக்கா

சாந்தி: படிச்சிட்டேன்டா

தமிழ்: லாக் வேணும்னா இனிமே யாரும் சொருகிப் பாக்காதீங்க. ஒவ்வொரு தடவை சொருகறதும் அதோட ஆயுசு. மணி, கார்டைக் காப்பி எடுக்க வின்32 டிஸ்க் இமேஜர்ல ட்ரை பண்றேன்னு ஆரம்பிக்காத. அது முதல் கெட்ட இடத்துலயே நின்னுடும். ரீடுக்குப் பதிலா ரைட் அமுக்கினா மொத்தமும் போச்சு. என் லினக்ஸ் லேப்டாப்ல டிடிரெஸ்க்யூ போடறேன், கெட்ட கார்டுலிருந்து காப்பி எடுக்கற ப்ரோகிராம். முதல் சுத்துல கெட்ட இடத்தைத் தாண்டிட்டு நல்லதையெல்லாம் எடுத்துடும், எதுவரைக்கும் எடுத்தோம்னு குறிச்சு வெக்கற மேப் ஃபைல் இருந்தா நடுவுல கார்டு விட்டாலும் நின்ன இடத்திலிருந்து தொடரும். கார்டுல 3 ஜிபிதான் இருந்தாலும் காப்பிக்கு 32 ஜிபியும் காலி இடம் வேணும்

கார்த்தி: லேப்டாப்போட சொந்த சிலாட்லயும் ஒரு தடவை போட்டு டிமெஸ்ஜி பாரு, லினக்ஸோட எரர் செய்தி அதுலதான் வரும். -110 வந்தா டைம் அவுட், கார்டு பதிலே சொல்லல. -84ன்னா பதில் வருது, வழியில சிதையுது, அப்ப காண்டாக்ட் அழுக்குன்னு நம்பிக்கை வெக்கலாம்.

தமிழ்: தெரியும் மாமா. நீங்க தோடு வாங்குங்க

வசந்தி: 👏👏

மணி: அண்ணா உங்ககிட்ட பை 4 சும்மாதானே இருக்கு, இந்தக் கார்டை அதுல போட்டா?

கார்த்தி: கூடாது. இதுல இருக்கறது 2018ல போட்ட ஸ்ட்ரெட்ச்ங்கற பழைய சிஸ்டம். பை 4 வந்ததே 2019 ஜூன்ல, அடுத்த சிஸ்டமான பஸ்டரோட. ஸ்ட்ரெட்ச் கார்டு நல்லா இருந்தாலும் பை 4 எழும்பாது, நாம கார்டு மேல பழி போடுவோம். பை 4க்கு பவரும் 3 ஆம்பியர், டைப் சி. வேற கணக்கு. பை 3 சிலாட் மேல சந்தேகம்னா ஒரு டெஸ்ட்: ஏதாவது நல்ல கார்டை ஃபேட்32ல ஃபார்மட் பண்ணி பூட்கோட்.பின் ஃபைல் மட்டும் போடு. மத்தது இல்லாததால பச்சை எண்ணி மினுக்கும். மினுக்கினா சிலாட், போர்டு ரெண்டும் நல்லா இருக்கு.

மணி: என் போன் கார்டு 64. அதைப் போடவா

தமிழ்: அப்படியே போடாத. 32 ஜிபிக்கு மேல எல்லாம் எக்ஸ்ஃபேட்ங்கற ஃபார்மட்ல வரும், பை 3 படிக்காது. விண்டோஸ் ஃபார்மட்ல 32 ஜிபிக்கு மேல ஃபேட்32 பொதுவா காட்டாது. ராஸ்பெர்ரி பை இமேஜர்ல இரேஸ்னு இருக்கும், அது ஃபேட்32 ஆக்கித் தரும். உன் போட்டோ எல்லாம் போயிடும் பாத்துக்க

மணி: அப்ப வேணாம் 😅

கார்த்தி: புது கார்டு நானே வாங்கறேன். என்கிட்ட பழைய பேக்கப் இமேஜ் இருக்கு, ஆனா அது 32 ஜிபி கார்டுல எடுத்தது. எல்லா 32ம் ஒரே அளவு இல்ல, சில எம்பி குறைஞ்சாலும் கடைசியில எழுத முடியாம நின்னுடும். 64 வாங்கிட்டா பிரச்சினை இல்ல. இமேஜ் எழுதறப்போ பார்ட்டிஷனையும் சேத்து எழுதிடும், எக்ஸ்ஃபேட் கவலை வேணாம். கார்டு மேல வேகத்துக்கான ஏ1 குறி போட்டிருக்கணும், கேமராவுக்கு விக்கற ஹை எண்டுரன்ஸ் கிடைச்சா இன்னும் நல்லது. எழுதறதுக்கு முன்னாடி எச்2டெஸ்ட்டபிள்யூன்னு நிஜ அளவைச் சரிபாக்கற ப்ரோகிராம் ஓட்டணும். போலிக் கார்டு 64னு சொல்லிட்டு உள்ள 8தான் இருக்கும், முதல் நாள் நல்லாத்தான் ஓடும்.

சாந்தி: தோட்டுக்கடைக்கும் கார்டு கடைக்கும் ஒரே நாள் போறியா, பணம் இருக்கா

ரங்கநாதன்: கார்டு செலவு மூணு பாகமா போடுங்க.

குமரேசன்: மோட்டார் கரன்ட் பில்லே கிடையாது, கார்டுக்கு மூணு பாகமா

தமிழ்: புதுசுல லாக்கை ராம்ல வெக்கணும் மாமா. ஒரு நாளைக்கு ஒரு தடவை கார்டுக்கு எழுதினா போதும். இல்லன்னா இதுவும் இப்படித்தான்

கார்த்தி: ஓவர்லே போட்டா எல்லாத்தையும் ராம்லயே வெச்சுக்கும், கார்டுல எழுதவே எழுதாது.

தமிழ்: அப்ப கணக்கு? கரன்ட் போனா அன்னன்னிக்குக் கணக்கு அழிஞ்சிடும். பெரிய மாமா ஒத்துக்கணுமே

ரங்கநாதன்: ஒத்துக்க மாட்டேன்.

இரவு 10:48

குமரேசன்: த்ரீ ஃபேஸ் வந்துடுச்சு. கையில போட்டேன், ஓடுது

சாந்தி: லாரிக்கு சொன்னேனே

குமரேசன்: வேணாம்னு சொல்லுக்கா

சாந்தி: அட்வான்ஸ் குடுத்துட்டேன். வரட்டும், பாத்திரம் கழுவ ஆகும்

மணி: கார்டு கடையில இருக்கு. யார்கிட்ட குடுக்கட்டும், தமிழா கார்த்தி அண்ணனா

தமிழ்: என்கிட்ட

கார்த்தி: என்கிட்ட

ரங்கநாதன்: ரெண்டு பேர்கிட்டயும் வேணாம். என் வீட்டுக்குக் கொண்டு வா.