மடக்குக் கத்தி எது வாங்கலாம்? அவசரம், யாராவது சொல்லுங்கள்

பல்லடம்_ஃபிட்டர்
அண்ணன்மாரே, வேலைக்குப் போகும்போது பாக்கெட்டில் போட்டுக்கொள்ள நல்ல மடக்குக் கத்தி ஒன்று வேண்டும். இருக்கிறது போச்சு. லாக் பிடிக்க மாட்டேன் என்கிறது, முனை உடைந்துவிட்டது, தீட்டினாலும் கூர் நிற்பதில்லை. ஒரு தடவை வாங்கினால் வருஷக்கணக்கில் வரணும். நாளைக்குள் ஆர்டர் போடணும், சீக்கிரம் சொல்லுங்க.

ஒயர்மேன்_ராசு
என்ன வேலை என்று சொல்லவே இல்லையே. அட்டைப்பெட்டி பிரிக்கவா, ஒயர் உரிக்கவா, இளநீர் சீவவா? பட்ஜெட் எவ்வளவு?

மலைக்காற்று
ஓபினெல் எண் 8. கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். பிரான்சில் 1890-லிருந்து செய்கிறார்கள். பிளேடு 8.5 செ.மீ. கழுத்தில் இருக்கிற வளையத்தைத் திருப்பினால் லாக். மரப்பிடி, எடையே தெரியாது. நான் மாம்பழம் நறுக்குவதிலிருந்து எல்லாவற்றுக்கும் அதுதான்.

கூர்மதி
இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வந்துவிடுகிறது. மேலே தேடுபெட்டி என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், அழகுக்கு அல்ல. "நல்ல கத்தி" என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல முடியாது தம்பி. என்ன ஸ்டீல், என்ன லாக், எதை அறுக்கிறீர்கள், எதில் தீட்டுகிறீர்கள், இந்த நாலும் தெரியாமல் இங்கே வருகிற ஆலோசனை எல்லாம் ஜோசியம்தான்.

வேம்பு
பழைய கத்தி என்ன வகை லாக்? பிளேடில் ஏதாவது எழுத்து பொறித்திருக்கிறதா? ஒரு போட்டோ போட்டால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ஒயர்மேன்_ராசு
மலைக்காற்று, ஓபினெல் அருமையான கத்தி, மறுக்கவில்லை. ஆனால் மரப்பிடி தண்ணீரில் ஊறினால் உப்பிக்கொண்டு பிளேடை வெளியே இழுக்கவே விடாது. அதில் கார்பன் ஸ்டீல், ஸ்டெயின்லெஸ் என்று ரெண்டு வகை உண்டு. கார்பன் வகையை ஈரத்தோடு மடக்கி வைத்தால் காலையில் துரு. அவர் வேலை என்னவென்று தெரியாமல் எப்படிச் சொல்வது?

பல்லடம்_ஃபிட்டர்
போர்வெல் மோட்டார் ஏத்தி இறக்குற வேலைங்க. கயிறு அறுக்க, பிளாட் கேபிள் தோல் உரிக்க, டேப் வெட்ட, பைப் பிசிறு சீவ. பட்ஜெட் 1500. பிளேடில் டி2 என்று இருக்கு. போட்டோ போட நேரமில்லை, சைட்ல இருக்கேன்.

மலைக்காற்று
அப்படியானால் ஓபினெல் ஸ்டெயின்லெஸ்.

வேம்பு
சேறு, தண்ணீர், மணல். இப்போதுதான் விஷயம் வருகிறது. உங்களுடையது அநேகமாக லைனர் லாக். திறந்து பாருங்கள், பிடியின் உள்பக்கத் தகடு ஒன்று வளைந்து வந்து பிளேடின் அடியில் முட்டுக்கொடுக்கும். அந்த இடுக்கில் போர் மண் கொஞ்சம் அடைத்தாலும் தகடு முழுசாக உட்காராது. பாதி உட்கார்ந்த லாக்கை நம்பி அழுத்தினால் விரல் போகும். சோப்புத் தண்ணீரில் போட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் அந்த இடுக்கைத் தேயுங்கள். நன்றாகக் காயவைத்து, தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசுபிசுத்து மண்ணை இழுத்துக்கொள்ளும். அதற்கப்புறமும் ஆடினால் அச்சுத் திருகை லேசாக முறுக்கிப் பாருங்கள். அதுவும் உதவவில்லை என்றால் தகடு தேய்ந்துவிட்டது, அந்தக் கத்தியை விட்டுவிடுங்கள்.

கொங்குப்_பட்டறை
இந்த மடக்குக் கத்தியே வேண்டாம் என்பது என் கட்சி. பக்கத்து ஊர்க் கொல்லரிடம் போய் லாரி ஸ்பிரிங் பட்டையில் நாலங்குலக் கத்தி ஒன்று அடித்துத் தரச் சொல்லுங்கள். தோய்ச்சல், அதாவது காய்ச்சி முக்கி இரும்பைக் கடினமாக்குவது, சரியாக வைத்தால் உங்களுக்குப் பின்னாலும் இருக்கும். திருப்பாச்சேத்தி அரிவாள் எந்த ஆன்லைனில் பிறந்தது?

கூர்மதி
அவர் கேட்டது மடக்குக் கத்தி. பாக்கெட்டில் அரிவாளைச் செருகிக்கொண்டு மோட்டார் இறக்கச் சொல்கிறீர்களா?

கொங்குப்_பட்டறை
அரிவாள் என்று நான் எங்கே சொன்னேன்? தோல் உறை போட்டு இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம். அச்சு இல்லை, லாக் இல்லை, ஆடுவதற்கு ஒன்றுமே இல்லை. டி2, எட்டு சிஆர் என்று ஸ்டீல் எண்களைப் படித்துக்கொண்டு இருப்பவர்களுக்கு இது புரியாது.

நாமக்கல்_ஓட்டுநர்
இடுப்பில் மாட்டினால் போலீஸ் பிடிக்கும். 6 அங்குலத்துக்கு மேல் கத்தி வைத்திருந்தாலே கேஸ்.

வேம்பு
6 அங்குலம் என்று எல்லாரும் சொல்கிறார்கள், விதியில் அப்படி இல்லை. 2016 ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள பிளேடு என்றுதான் இருக்கிறது. அதிலும் வீட்டு உபயோகம், விவசாயம், தொழில் இதற்கென்று செய்தவை விலக்கு. அதற்காக எங்கேயும் கொண்டுபோகலாம் என்று அர்த்தமில்லை. விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், கோர்ட், கலெக்டர் ஆபீஸ் வாசலிலும் வாங்கி வைத்துவிடுவார்கள்.

நாமக்கல்_ஓட்டுநர்
விதி புத்தகத்தில் இருக்கும் சார். ராத்திரி செக்போஸ்ட்டில் நிற்கிறவரிடம் அதைப் படித்துக் காட்ட முடியுமா? தேர்தல் நேரத்தில் வண்டியை நிறுத்தித் துழாவும்போது ஸ்பேனரோடு டூல்பாக்ஸில் கிடந்தால் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். இடுப்பில் இருந்தால் கதையே வேறு.

கொங்குப்_பட்டறை
விவசாயி இடுப்பில் கத்தி இருந்தால் குற்றமா? நல்ல நியாயம்.

அட்டைப்பெட்டி
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். ஒடித்துப் போடுகிற பிளேடு உள்ள 18 மி.மீ. கட்டர் ஒன்று போதாதா? ஜப்பானில் ஓல்ஃபா கம்பெனியைத் தொடங்கியவர் 1956-ல் அதைக் கண்டுபிடித்ததே மழுங்கிய பிளேடை முழுசாகத் தூக்கிப் போட வேண்டாம் என்றுதான். மழுங்கினால் ஒரு துண்டை ஒடி, புதுக் கூர் தயார்.

ஒயர்மேன்_ராசு
டேப்புக்கும் அட்டைக்கும் அதை அடிக்க ஆளில்லை. ஆனால் தடிக் கயிற்றைப் பக்கவாட்டில் இழுத்து அறுத்தால் துண்டு தெறிக்கும். கண்ணில் படலாம், போர் குழிக்குள் விழலாம். ரெண்டும் நமக்கு வேண்டாம்.

ஃபிட்டர் தம்பி, கேபிள் விஷயம் ஒன்று சொல்கிறேன். மூன்று கோர் பிளாட் கேபிளில் மேல்தோலைக் கிழிக்கும்போது கத்தி உள்தோலைக் கீறிவிட்டால் வெளியே தெரியாது. ஜாயிண்ட் தண்ணிக்குள் போனபிறகு அந்தக் கீறல் வழியே தண்ணி கசிந்து ஷார்ட் ஆகும், மறுபடி முழுக் குழாயையும் மேலே ஏத்தணும். நேர் முனைக் கத்தி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதற்கு ஆபத்துதான். கொக்கி மாதிரி வளைந்த பிளேடு உள்ள எலக்ட்ரீஷியன் கத்தி ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள், விலை குறைவுதான். கயிற்றுக்கு ரம்பப் பல் பாதி உள்ள பிளேடு. இரண்டையும் ஒரே கத்தியில் தேடினால் இரண்டுமே சரியாக நடக்காது.

கூர்மதி
இன்னும் ஒருவரும் முக்கியமானதைக் கேட்கவில்லை. டி2 ஸ்டீல் கூர் நிற்பதற்குப் பேர்போனது, சேற்றில் துரு பிடிப்பது வேறு விஷயம். அதில் கூர் நிற்கவில்லை என்றால் கோளாறு ஸ்டீலில் இல்லை. எதில் தீட்டுகிறீர்கள் என்று முதலிலேயே கேட்டேன். பதில் இல்லை.

பல்லடம்_ஃபிட்டர்
லேத் பட்டறையில் கிரைண்டர்ல பிடிப்போம். எல்லாரும் அப்படித்தானே. ரெண்டு நிமிஷ வேலை.

கூர்மதி
அப்படிச் சொல்லுங்கள். பிடிக்கும்போது ஓரத்தில் நீல நிறம் ஏறியதா?

வேம்பு
கூர்மதி சார் பிடித்துவிட்டார். காய்ந்த கிரைண்டரில் மெல்லிய ஓரம் நொடியில் சூடேறும். நீலம் பாய்ந்துவிட்டால் சூடு கிட்டத்தட்ட 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம், அந்த இடத்தில் தோய்ச்சல் இறங்கியிருக்கும். அப்புறம் எத்தனை தடவை தீட்டினாலும் மடங்கிக்கொண்டே இருக்கும். நீலம் உள்ள பகுதி முழுவதையும் கல்லில் மெதுவாகத் தேய்த்து எடுத்தால்தான் உள்ளே இருக்கிற நல்ல இரும்பு கிடைக்கும். உடைந்த முனையையும் அப்போதே பிளேடின் முதுகுப் பக்கத்திலிருந்து தேய்த்துச் சரிசெய்துவிடலாம். டி2-க்கு சாதாரணக் கல்லில் நேரம் பிடிக்கும், வைரத்தூள் பூசிய டைமண்ட் தகடு இருந்தால் சீக்கிரம் ஆகும். 1500-ல் புதுக் கத்தி வாங்கினாலும் அதே கிரைண்டரில் பிடித்தால் அதே கதைதான்.

கொங்குப்_பட்டறை
தோய்ச்சல் என்று நான் சொன்னபோது சிரித்தீர்கள்.

கூர்மதி
தோய்ச்சலுக்கு யாரும் சிரிக்கவில்லை. அரிவாளுக்குத்தான் சிரித்தோம்.

மலைக்காற்று
இந்தப் பட்ஜெட்டுக்கு விக்டோரினாக்ஸ் வருமா என்று யாருக்காவது தெரியுமா? அதன் சின்ன மாடல்களில் லாக் இல்லை என்பதால் மண் அடைக்கிற தொல்லை குறைவு.

ஒயர்மேன்_ராசு
லாக் இல்லை என்பதால் அழுத்திக் குத்தும்போது விரல்மேல் மடங்கும். அவருடைய வேலைக்கு வேண்டாம். பிடியின் முதுகில் அமைந்த பின்பக்க லாக் உள்ளது, நைலான் பிடி, கழுவினால் தண்ணி வடிகிற திறந்த உடம்பு, இந்த மூன்றும் பார்த்து வாங்குங்கள். கம்பெனி பெயர் அப்புறம்.

பல்லடம்_ஃபிட்டர்
கொக்கிக் கத்தி ஒண்ணு ஹார்டுவேர் கடையிலேயே கிடைச்சுது, 250 ரூபாய். இன்னொண்ணு ஆர்டர் போட்டாச்சு. ஓரத்துல நீலம் இருக்குதுங்க. நன்றி எல்லாருக்கும், பைப் ஏத்திட்டு இருக்கோம், அப்புறம் வரேன்.

வேம்பு
இன்னொன்று எது ஆர்டர் போட்டீர்கள்? என்ன லாக்?

அட்டைப்பெட்டி
அதே சந்தேகம்தான் எனக்கும். அப்படியே இன்னொன்று, டைமண்ட் தகடு சொரசொரப்பான 400 எண் வாங்கலாமா, நைசான 1000 எண் வாங்கலாமா?

கூர்மதி
அதற்குத் தனி இழை தொடங்குங்கள். தேடுபெட்டியைப் பார்த்துவிட்டு.