உதவி: வைஃபை டேற்றா பாதி மாதத்திலேயே முடியுது, விண்டோஸ் அப்டேற்றை எப்பிடி அடக்கிறது?

கொக்குவிலான்:
வீட்டில சிம் போடுற 4ஜி ரவுட்டர்தான். மகளுக்குப் பின்னேரம் சூம் வகுப்பு. பக்கேஜ் மாதக் கடைசி வரைக்கும் வரவேணும், பாதியிலேயே முடிஞ்சுபோகுது. லப்டொப் விண்டோஸ் 11. ஆக்டிவ் அவர்ஸ் எண்டதில வகுப்பு நேரத்தைப் போட்டும் அப்டேற் இறங்குது. முழுசா நிப்பாட்ட வழி இருக்கோ?

நல்லூர்ப் பெடியன்:
சேர்விசஸுக்குள்ள போய் விண்டோஸ் அப்டேற்றை டிசேபிள் பண்ணுங்கோ அண்ணை. கதை முடிஞ்சுது.

சுன்னாகம் வயர்மான்:
தம்பி, அது வேண்டாம். பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்து நிண்டுபோகும், பிறகு வைரஸ் வந்தா ஆர் பாக்கிறது?

அண்ணை, ஆக்டிவ் அவர்ஸ் தானா றீஸ்ராட் ஆகாமப் பாக்கிறதுக்குத்தான். இறங்கிறதை அது தடுக்காது. செற்றிங்ஸில நெட்வேர்க், வைஃபை, பிறகு உங்கட ரவுட்டரின்ர பேரைத் தொட்டு 'மீட்டர்ட் கனெக்சன்', அதாவது டேற்றாவை அளந்து பாவிக்கிற இணைப்பு எண்டதை ஓன் பண்ணுங்கோ. பெரும்பாலான அப்டேற் உங்களைக் கேக்காம இறங்காது. மிக அவசியமான ஒண்டு ரெண்டு மட்டும் வரலாம். இது ஒவ்வொரு வைஃபைக்கும் வேற வேற. போன் ஹொட்ஸ்பொட்டில கொழுவினா அதுக்கும் தனியாப் போடவேணும்.

அப்டேற் பக்கத்தில அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸுக்குள்ள டெலிவரி ஒப்டிமைசேஷன் இருக்கு, இறக்கின அப்டேற்றை மற்றக் கொம்பியூட்டர்களோட பகிர்றது. அதில இன்ரநெற்றில உள்ள கொம்பியூட்டர்களும் எண்டு தெரிவாகியிருந்தா, உங்கட காசில ஆருக்கோ அப்லோட் போகும். அதையும் பாருங்கோ.

மாதாந்தப் பெரிய அப்டேற் அமெரிக்காவில ரெண்டாம் செவ்வாய் காலமை விடுறது. எங்களுக்கு அண்டு இரவு பத்தரை, பதினொண்டரை ஆகும். உங்கட பக்கேஜில நள்ளிரவு டேற்றா இருந்தா, அண்டைக்குப் பன்னிரண்டு மணிக்குப் பிறகு நீங்களே டவுன்லோட் அமத்திவிடுங்கோ. லப்டொப்பைச் சார்ஜில போட்டு, ஸ்லீப் ஆகாம வைக்கவேணும்.

கொக்குவிலான்:
மீட்டர்ட் போட்டாச்சு. ஆனா செற்றிங்ஸில டேற்றா யூசேஜைப் பாத்தா லப்டொப் இழுத்தது அவ்வளவு இல்லை. மிச்சம் எங்க போகுது?

பண்ணைக் காத்து:
வீட்டில எத்தினை போன் கொழுவியிருக்கு? பிளே ஸ்டோரில 'வைஃபையில் மட்டும்' எண்டு விட்டிருப்பியள். உங்கட வைஃபைக்குப் பின்னால சிம் இருக்கிறது போனுக்குத் தெரியாது, கம்பி லைன் எடுத்த வீடு எண்டு நினைச்சு எல்லா அப்பையும் இறக்கும். போட்டோ பக்கப்பும் அப்பிடித்தான்.

அண்ட்ரொயிட்டில வைஃபை பேருக்குப் பக்கத்தில உள்ள சில்லுப் படத்தைத் தொட்டா, மீட்டர்ட் ஆக்கிற தெரிவு வரும். மொடலுக்கு மொடல் இடம் மாறும்.

கொக்குவிலான்:
மனிசியின்ர போன்! கோயில் திருவிழா வீடியோ முழுக்க பக்கப் போய்க்கொண்டிருக்கு. இப்ப நிப்பாட்டினா ஏற்கெனவே ஏறினது அழியுமோ?

பண்ணைக் காத்து:
அழியாது. பக்கப்பை மட்டும் ஓஃப் பண்ணுங்கோ. இடம் காணாதெண்டு போனில இருக்கிறதை மட்டும் இப்ப அழிச்சிடாதேங்கோ, ஏறாத வீடியோ அதில மட்டுந்தான் இருக்கு.