லூயிஸ் நகரத்து நினைவுப் பலகைகள்: ஒரு சின்ன உதவி

வணக்கம். அடுத்த மாதம் அப்பாவோடு இங்கிலாந்தின் லூயிஸ் நகருக்கு ஒரு நாள் போகிறேன். சுவர்களில் இருக்கும் நினைவுப் பலகைகளைத் தேடித் தேடிப் படிப்பது எங்கள் இருவருக்குமே பைத்தியம். அரசியல் எழுத்தாளர் தாமஸ் பெயின் 1768 முதல் 1774 வரை வாழ்ந்த ‘புல் ஹவுஸ்’ (Bull House) என்ற வீடும், இகுவானோடான் என்ற டைனோசரை ஆராய்ந்த மருத்துவர் கிடியன் மான்டெல்லின் வீடும் ஹை ஸ்ட்ரீட் பக்கமே இருப்பதால் சிரமமில்லை.

சிக்கல் மற்ற இரண்டில்தான். கத்தோலிக்கரான மேரி அரசி காலத்தில், 1555 முதல் 1557 வரை, எரித்துக் கொல்லப்பட்ட 17 புராட்டஸ்டன்ட் தியாகிகளுக்கு 1901இல் குன்றின் மேல் ஒரு தூபி எழுப்பினார்கள். அப்பாவுக்கு முழங்கால் வலி. அதிகம் ஏறாமல் கிட்டே போக வழி உண்டா? இல்லை, ஊருக்குள் எங்கிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்?

அப்புறம், 1836 டிசம்பர் 27 அன்று இந்த ஊரில் பனிச்சரிவில் 8 பேர் இறந்தார்கள். இங்கிலாந்தில் பனிச்சரிவா என்று நானும்தான் வாய் பிளந்தேன்! அவர்களுக்கான நினைவுக்கல் சவுத் மாலிங் தேவாலயத்தில் இருக்கிறது. வார நாட்களில் கதவு திறந்திருக்குமா? சமீபத்தில் போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.